கட்சி எதிரி இல்லை, ஒட்சி எதிரி!

தலைமைக் கதிரையைத் தோளகலத்தால் நிறைத்து வீற்றிருக்கும் புளியங்கூடல் சனசமூக நிலையத் தலைவர், பெருமதிப்புக்குரிய தம்பிராசா அண்ணை அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் மூத்தோர்களே! அடுப்பில் வைத்த சோற்றை அயலட்டையின் பொறுப்பில் விட்டு ஓடிவந்த அன்புத் தாய்மார்களே! அனலைதீவிலிருந்து வள்ளமேறி வந்து, எதற்கு வந்தோமென்று இன்னும் விளங்காமல் இருக்கும் உறவுகளே! ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை சறோஜினிதேவியின் உப்புக்காற்றில் தோய்ந்த வணக்கம் உங்கள் எல்லோருக்கும்!

என் பேச்சைக் கேட்க இத்தனை சனமா? பள்ளிக்கூடத்தில் நான் படிப்பித்த காலத்தில் பாதி வகுப்பு மதிலேறிப் பாயும்! காரணம் எனக்குத் தெரியும். நேற்றுப் பிரதாபன் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் அறிவித்தார். நான் எழுதிக் கொடுத்தது, 'ஒட்சி எதிரிகள் பற்றிய சிறப்புரை'. எங்கள் கடற்காற்று முதல் எழுத்தைத் தின்றுவிட்டது. உங்கள் காதுகள் அந்த இடத்தில் ஒரு 'க'வை வைத்துக்கொண்டன! கட்சி எதிரிகள்! யார் யாரைக் கிழிக்கப் போகிறார்களென்று கண் நிறைய ஆசையோடு வந்துவிட்டீர்கள்.

என்ன தம்பி, எழும்புறீர்? இரும், இரும். கடைசி வள்ளத்துக்கு இன்னும் நேரம் கிடக்கு. சண்டையும் இருக்கு!

யார் இந்த ஒட்சி எதிரிகள்? ஒட்சிசன் இல்லாமல் உயிர் உண்டா? இல்லை. ஆனால் உங்கள் வீட்டு இரும்புப் படலையைத் துருப்பிடிக்க வைப்பது எது? அதே ஒட்சிசன். வெட்டி வைத்த கத்தரிக்காயைக் கறுக்க வைப்பது எது? அதே ஒட்சிசன். எங்கள் உடம்புக்குள்ளும் அது உணவை எரித்து உயிரைக் காக்கிறது. எரிக்கிற போக்கில் சில குழப்படிக்காரத் துணிக்கைகளையும் பெற்றுப் போடுகிறது. அவை கலத்துக்குக் கலம் பாய்ந்து, கண்டதைக் கடித்து, காலப்போக்கில் உடம்பைக் கெடுக்கின்றன. அந்தக் குழப்படிகளைக் காதில் பிடித்து இருத்துகிறவைதான் ஒட்சி எதிரிகள், ஆங்கிலத்தில் அன்ரிஒக்சிடன்ற்!

அவற்றைச் சமைப்பவர் யார்? செடிகள்! வெயிலுக்கு ஓடத் தெரியாத செடி, குடை பிடிக்கக் கையில்லாத செடி, தன்னைக் காக்கத் தானே செய்த கவசம் அது. இலையின் பச்சைக்குள் இருக்கிறது, பழத்தின் சிவப்புக்குள் இருக்கிறது, தேசிக்காயின் புளிப்புக்குள் இருக்கிறது.

ஓம் சின்னாச்சி அக்கா, கேட்டது. "மகள் லண்டனிலை இருந்து அனுப்பின குளிசைப் போத்திலுக்கையும் உதுதானாம்" எண்டு சொல்லுறியள். குளிசையாய் விழுங்கினால் அதே பலன் வருமெண்டு ஆராய்ச்சிக்காரர் இன்னும் உறுதியாய்ச் சொல்லேல்லை, அக்கா. இலையும் காயும் பழமுமாய்ச் சாப்பிடுறவைக்கு இருதய வருத்தம் குறைவெண்டுதான் கண்டிருக்கினம். அதுக்காக டொக்ரர் தந்த மருந்தை நிப்பாட்டிப்போட்டு முருங்கையில் ஏறி இருக்காதேங்கோ! பிறகு உங்கடை மகள் என்னைப் பிடிச்சு உலுப்புவா.

முருங்கை என்றேன் அல்லவா? இனித்தான் சண்டை.

இந்த மண்டபத்தின் பின்னால் ஒரு கிணறு. சுற்றிலும் உவர், அது மட்டும் நல்ல தண்ணி. அந்த ஈரத்தில் ஒரு முருங்கை வரிசை, அடியில் வல்லாரை. அதிலிருந்துதான் எங்கள் முன்பள்ளி ஆசிரியை தர்சனா தினமும் இலை பறித்து, நம் குஞ்சு குருமானுக்கு இலைக்கஞ்சி காய்ச்சுகிறாள். நாளைக் காலமை அந்த மரங்களைத் தறிக்க வாள்காரர் வருகிறார்! ஏனாம்? ஆடியில் வெளிநாட்டுச் சனம் வந்தால் வாகனம் விட இடம் வேண்டுமாம். கார் நிற்கப் பிள்ளையின் கஞ்சி போவதா? சக்கரம் நிற்கச் சத்துப் போவதா? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, சொல்லிவிட்டேன்! உத்தரவிட்டவர் யாரென்று நான் சொல்லமாட்டேன். கதிரையில் நெளிகிறார், நீங்களே பாருங்கள்!

கோவிக்காதேங்கோ அண்ணை. நீங்கள் நல்ல மனுசன் எண்டு எனக்கு இண்டைக்குப் பின்னேரம்தான் வடிவாய் விளங்கினது.

கூட்டத்துக்கு முன்னம், நெடிய கிளாசில், குழல் வைத்து, தலைவருக்கு ஒரு பச்சைப் பானம் கொடுத்தோம். ஒரே இழுவை. கண்ணை மூடித் திறந்தார். "ரீச்சர், என்ன அருமையான சாமான்! எங்காலை வந்தது, வெளிநாடோ?" என்றார். நான் பொய் சொல்லுவனோ? "பின்பக்கத்தாலை வந்தது அண்ணை" எண்டனான். இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தணித்தார். "கஸ்ரம்ஸுக்குத் தெரியாமலோ?" என்றார்!

சிரிக்காதேங்கோ, இன்னும் முடியேல்லை. "இன்னொண்டு தாரும், மற்றாக்களுக்குச் சொல்லாதேயும்" எண்டு ரெண்டாவதையும் குடிச்சவர்!

அண்ணை, கஸ்ரம்ஸுக்குத் தெரியாது, உண்மைதான். அது கிணற்றடி முருங்கையிலை, வல்லாரை, இளநீர், கொஞ்சம் தேசிக்காய்ப்புளி. தர்சனா இலையை அவித்து, அரைத்து, வடித்துத் தந்தது. நீங்கள் நாளைக்குத் தறிக்கச் சொன்ன மரத்தைத்தான் இன்றைக்குக் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டீர்கள்!

சபையோரே, கைதட்டல் பிறகு. தலைவர் எழும்புகிறார். என்ன அண்ணை? மைக்குக்குக் கிட்ட வாங்கோ. '…க்கட்டும்' எண்டுதான் கேட்டது. முன்பாதியைக் காற்றுத் திண்டுபோட்டுது. 'நிக்கட்டும்' எண்டுதானே சொன்னீங்கள்? 'மரம் நிக்கட்டும்' எண்டு?

தலையை ஆட்டுகிறார்! பார்த்தீர்களா, தலையை ஆட்டுகிறார்! பிரதாபன், உந்த ஒலிபெருக்கியை இப்பவே ஓட்டோவில் கட்டும்! வாள்காரர் வீட்டு வாசலில் போய் நின்று, இதை எழுத்து விடாமல் அறிவியும்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், நேற்று ஓர் எழுத்தையும் இன்று அரைச் சொல்லையும் தின்ற எங்கள் காற்றுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோருக்கும் வணக்கம்; போகும்போது பின்பக்கத்தால் போங்கோ, ஆளுக்கொரு கிளாஸ் வைத்திருக்கிறோம்.