ஒரு முடிகூட இல்லாத பிரஷ்

தலைவாரும் பிரஷ்ஷைக் கழுவினால் குப்புறப் போட்டுத்தான் காயவைக்க வேண்டும், மேடம். நிமிர்த்தி வைத்தால் ரப்பருக்குள் தண்ணீர் இறங்கி நாறும். முதலில் சீப்பு முனையால் சிக்கிய முடியை எடுத்துவிட்டு, பழைய டூத்பிரஷ்ஷில் ஷாம்பு தொட்டு அடிவரைக்கும் தேய்க்க வேண்டும். இதைக்கூடச் செய்யாமல் அழுக்குப் பிரஷ்ஷோடு திரிகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தங்கைக்கு நான்தான் தலைவாரி விடுவேன். அம்மா போனபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. அன்றிலிருந்து எல்லாம் நான்தான். இந்த வருஷம் வெளியூரில் வேலை கிடைத்துப் பெட்டி கட்டினாள். கிளம்பும் நாளில் காய்ச்சல் வந்து பயணம் தள்ளிப்போனது. என் மடியில் தலைவைத்து, "நீ இல்லாம நான் என்னக்கா பண்ணுவேன்" என்றாள். சொன்னது அவள், நானில்லை. காய்ச்சல் விட்டதும் மறுபடி துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். வளர்ந்த பெண்ணைக் கட்டியா போட முடியும்? நான் வேலை பார்க்கும் கிடங்கில் எலிக்கு வைக்கும் பொடி இருந்தது. பாலில் கலந்தால் தெரியவில்லை. கொஞ்சம்தான். பயணம் போக முடியாத அளவுக்கு மட்டும்.

முடி கொட்டும் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. பிடிபிடியாக வந்தது. பார்த்தால் பயந்துவிடுவாளே, பாவம். வாரியதும் முடியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு, பிரஷ்ஷைக் கழுவிப் பளிச்சென்று வைத்துவிடுவேன். ஆணி ஆடுகிறது என்று சொல்லிச் சுவர்க் கண்ணாடியையும் கழற்றினேன். ஒருநாள் தலையைத் தடவிப் பார்த்து, "முடி மெலிஞ்ச மாதிரி இருக்கேக்கா" என்றாள்.

"படுத்தே கிடந்தா அப்படித்தான் தோணும். கொட்டுனா பிரஷ்ல இருக்காதா?" என்றேன். நம்பினாள். நான் சொன்னால் எதையும் நம்புவாள்.

கால் எரிகிறதென்று அவள் அழுதபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் நான்தான். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

"முடி கொட்டுதாம்மா?" என்று டாக்டர் கேட்டார். அவள் பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்து நீட்டினாள். "இல்ல டாக்டர். பாருங்க, ஒண்ணுகூட இல்ல."

அவர் பிரஷ்ஷைப் பார்த்தார். அவளுடைய உச்சந்தலையைப் பார்த்தார். "யாரும்மா இவ்ளோ சுத்தமா வச்சிருக்கிறது?"

"எங்க அக்கா. எனக்கு எல்லாமே அக்காதான்." அப்படியொரு பெருமை அவளுக்கு. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பிழைத்துக்கொள்வாள் என்கிறீர்கள். முடிகூடப் பூனைமயிராக முளைக்கிறதாம். என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம். அது மருந்து மயக்கத்தில் சொல்வது. கால்தான் இனி பழையபடி வராது, தனியாக எங்கும் போக முடியாது என்று நீங்களே சொன்னீர்கள்.

பொடி கலந்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். அந்தப் பிரஷ்ஷை மட்டும் கொடுத்துவிடுங்கள், மேடம். கவரில் போட்டு ஒட்டிவைத்தால் ஈரம் காயாது. நடக்க முடியாத பெண்ணுக்கு என்னைவிட்டால் வேறு யார் தலைவாரி விடுவார்கள்?