ஆச்சு, எந்திரிங்க

மாலை ஐந்தேகால் மணி. கல்குவாரிக்குப் போகிற சாலை. குவாரியை மூடி வருஷக்கணக்காகிறது, அதனால் லாரிகூட வராது... யாரடி அது, அதற்குள் இருமுவது? இருமி முடி. அப்புறம் சொல்கிறேன்.

இது நம் ஜன்னலோரக் கட்டில்காரியின் அண்ணனுக்கு நடந்தது. ஆமாம், அந்தக் காலிக் கட்டில்தான். விடுதியில் எல்லாரும் அவள் லீவில் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நினையுங்கள்.

அண்ணன் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். நாள் முழுக்க பாஸ்போர்ட் போட்டோ, ஒரே பாட்டு. “நிமிர்ந்து உக்காருங்க... தாடையக் கொஞ்சம் இறக்குங்க... அசையாதீங்க.” கிளிக். “ஆச்சு, எந்திரிங்க. அடுத்தது யாரு?” தூக்கத்தில்கூட இதைத்தான் உளறுவாராம். ஒருமுறை ‘அசையாதீங்க’ என்றவர், போன் வந்ததும் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால், ஒரு பெரியவர் ஸ்டூலில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். “நீங்க ஆச்சுன்னு சொல்லலையே தம்பி!” வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மனுஷ முகம் அலுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் மரங்களைப் படமெடுக்கக் கிளம்பினார். மரத்தில் தெரிகிற முகங்களை. முடிச்சு கண்ணாக, வெடிப்பு வாயாக... தேடுகிற கண் இருந்தால் எங்கேயும் கிடைக்குமாம். அண்ணிக்குத்தான் அது பிடிக்கவில்லை. “பொழுது போகலைன்னா வீட்டுல ஒட்டடை அடிங்க” என்பாள்.

குவாரிச் சாலையில் அன்று ஒரு மரத்தில் அவர் பார்த்தது வேறு மாதிரி. நெற்றி, மூக்கு, உதடு எல்லாம் திருத்தமாக, ஓர் ஆண் முகம். கண் மட்டும் மூடியிருந்தது. கண்ணை மூடிய படத்தை எந்த ஆபீசிலும் வாங்க மாட்டார்களே... பழக்க தோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“கண்ணத் தொறங்க. அசையாதீங்க.”

திறந்தது.

விரல் அழுத்திவிட்டது. அதற்கப்புறம்தான் மனுஷனுக்கு உறைத்தது. தலைதெறிக்க ஓடி வந்துவிட்டார். ஓடின ஓட்டத்தில் ஒன்றை மறந்துவிட்டார். ஆச்சு என்று சொல்லவில்லை.

படத்தைப் பிரிண்ட் போட்டு வைத்தார். அன்றிலிருந்து மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. “அது இன்னும் அசையாம இருக்கு. நான் சொல்லாம அது எப்படி எந்திரிக்கும்?” என்று புலம்பினார். “அப்ப வாங்க, போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்” என்று அண்ணிதான் கிளப்பினாள். பாவம், இன்றைக்கும் அதை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

அதே ஐந்தேகால். ஓர் இலை அசையவில்லை. மழையே பெய்யாத நாளில் ஈரப் பட்டையை உரித்தது போல ஒரு பச்சை வாசனை. அண்ணி பத்தடி தள்ளி வண்டியருகே நின்றாள். அவர் மரத்தின் முன்னால் போய் நின்று மெதுவாகச் சொன்னார்.

“ஆச்சு, எந்திரிங்க.”

மளுக்கென்று ஒரு சத்தம். ரொம்ப நேரம் மடக்கி வைத்த முட்டியை நீட்டுகிற சத்தம். அப்புறம் ஒரு குரல். அவருடைய குரலேதான், ஆனால் வந்தது மரத்திலிருந்து...

“நிமிர்ந்து நில்லுங்க... தாடையக் கொஞ்சம் இறக்குங்க... அசையாதீங்க.”

அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது அவர் திரும்பி வந்துகொண்டிருந்தார். “போலாம்” என்றார். வண்டியில் வழியெல்லாம் அவர் முதுகில் அந்தப் பச்சை வாசனை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நின்றபடியே ஒரு குடம் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தார். அண்ணி ஸ்டுடியோவுக்கு ஓடி அந்த மரத்தின் படத்தை எடுத்துப் பார்த்தாள். மரப்பட்டையில் மூக்குக்கண்ணாடி போட்ட முகம். அவள் புருஷன் முகம். தாடை கொஞ்சம் இறங்கியிருந்தது. “ஆச்சுங்க, எந்திரிங்க” என்று விடிய விடிய அழுதாள். ஒன்றும் நடக்கவில்லை. அசையாதே என்றவன்தானே அதைச் சொல்ல வேண்டும்?

வண்டியில் திரும்பி வந்த அந்த ஆளோ ஒரு மாதமாகக் கடையை ஜம்மென்று நடத்துகிறான். எல்லாப் பேச்சும் பேசுகிறான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் வாயில் வைப்பதில்லை. வருகிறவர்கள் அவசரக்காரர்கள், கிளிக் என்றதும் தாங்களே எழுந்து போய்விடுகிறார்கள். தப்பித்தார்கள்.

போன செவ்வாய்க்கிழமை நம் கட்டில்காரி பை கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள். “அண்ணன் படத்த மடியில வெச்சுக்கிட்டு அந்த ஸ்டூல்ல உக்காரப்போறேன். அது ஆச்சுன்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். அது வாயால ஒரு தடவ வந்துட்டா போதும், அண்ணனும் எந்திரிச்சு வந்துடுவாரு.” எவ்வளவோ சொன்னேன். கேட்கிற ஜென்மமா அது? பையைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இன்று மதியம் அவள் நம்பருக்குப் போட்டேன். அண்ணிதான் எடுத்தாள்.

“புதன்கிழமை உக்காந்தாம்மா... அது இன்னும் சொல்லல.”

போனை நம் கட்டில்காரி காதில் வைக்கச் சொன்னேன். “ஆச்சுடி, எந்திரி! எந்திரிச்சு வாடி!” என்று கத்தினேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை. மளுக்கென்று ஏதோ ஒன்று...

அப்புறம் போனுக்கு ரொம்பக் கிட்டத்தில், ரொம்ப மரியாதையாக, ஓர் ஆண் குரல் கேட்டது.

“அடுத்தது யாரு?”