தலையணையில்தான் ஆரம்பிக்கும்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை சார், சூடாக இருக்கிறது.

நான் அந்த வீடியோ கேம் விளையாடுவேனா என்று கேட்டீர்கள். ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. விளையாடியது என் தங்கை புருஷன். வேலை விட்டு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்து ஆட்களைச் சுட ஆரம்பிப்பான். சிப்ஸ் தின்ற விரலை நக்குவான், அதே விரலால் சுடுவான். கன்ட்ரோலர் பிசுபிசுவென்று இருக்கும். பொத்தான் இடுக்கெல்லாம் அழுக்கு. திரையில் ஒருவன் தலை சிதறினால், மென்றதை விழுங்காமலே சிரிப்பான். அந்த வீட்டில் இரண்டு வருடம் இருந்தேன். பாதி நாள் எனக்குச் சாப்பாடு இறங்கியதில்லை.

எனக்கு வேலை மாட்டிறைச்சித் தொழிற்சாலையில், பதினோரு வருடமாக. அங்கே சத்தம் போடக் கூடாது, விசில்கூட அடிக்கக் கூடாது. மாடு மிரண்டால் கறி கறுத்து விறைத்துப்போகும். அதனால் முதுகில் கை வைத்துத் தடவிக்கொடுத்து, அது அமைதியானதும் சுத்தியலால் ஒரே அடி. அதற்குத் தெரியவே தெரியாது. நான் செய்வது வேலை. அவன் செய்தது வெறி. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சொல்லாமல் இல்லை. "சாப்பிடுற நேரமாவது நிறுத்துங்க மாப்ள, குமட்டுது," என்றேன்.

"ஒரு நாளைக்கு இருநூறு மாட்டைச் சாய்க்கிறீங்க. பொம்மை ரத்தத்துக்கு மூக்கைப் பொத்துறீங்களே மச்சான்."

தங்கையும் சேர்ந்துகொண்டாள். "அவரா? கரப்பான்பூச்சி அடிக்கவே என்னைத்தான் கூப்பிடுவாரு. நீ சும்மா இரு அண்ணே."

தினமும் கொன்று பழகியவனுக்கு மனுஷ உயிர் பெரிதாகத் தெரியாது என்று பேப்பரில் படித்திருந்தேன். தங்கை பாத்திரம் கழுவும்போது அவள் கைகளைக் கவனிப்பேன். ஒரு காயமும் இருக்காது. மறைக்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

போன புதன்கிழமை அவள் டிவிக்குக் குறுக்கே போனாள். "போச்சு, உன்னாலதான்டி செத்தேன்," என்று சோபாவில் கிடந்த தலையணையை எடுத்து எறிந்தான். முகத்தில் பட்டது. அவள் அதைத் திருப்பி அவன் மேலேயே எறிந்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலையணையில்தான் ஆரம்பிக்கும்.

மறுநாள் தொழிற்சாலைச் சுத்தியலைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தேன். அவசரப்படவில்லை. திருந்துவானா என்று மூன்று நாள் பொறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பல்கூடத் துலக்காமல் உட்கார்ந்து சுட்டுக்கொண்டிருந்தான். வாய் நாற்றம் கதவுவரை வந்தது. தங்கை குளித்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் அவன் முதுகில் கை வைத்தேன். "வாங்க மச்சான், ஒரு ஆட்டம் போடலாம்," என்று திரும்பாமலே நகர்ந்து இடம் விட்டான். தடவிக்கொடுத்தேன். தோள் தளர்ந்தது.

அடித்தது நான்தான். ஒரு அடிக்கு மேல் தேவைப்படவில்லை. பிறகு அந்தக் கன்ட்ரோலரை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து மேசைமேல் வைத்தேன்.

தங்கை என்னைப் பார்க்க மறுக்கிறாள் என்கிறீர்கள். என் பேச்சை எடுத்தாலே நடுங்குகிறாளாம். நடுங்கத்தான் செய்வாள் சார். அப்படிப்பட்டவனோடு நான்கு வருடம் குடும்பம் நடத்தியவள். பயம் தெளியக் கொஞ்ச நாளாகும்.