என் சீட்டைக் கழட்டின கார்

...கழட்டிட்டாரும்மா! நான் உக்கார்ற சீட்டையே கழட்டிட்டாரு. கல்யாணமான நாள்லேர்ந்து அந்த மனுஷன் பக்கத்துல உக்காந்து வந்தவ நான். ஒரு நாள் ஜெபக்கூட்டம் முடிஞ்சு வெளிய வர்றேன், கார் கதவத் தொறக்கறேன்... உள்ள வெறும் தகரம்! ‘இதென்னங்க டெல்பர்ட்?’னா, ‘நாப்பது பவுண்டு எடை குறைஞ்சிருச்சு நெட்டி’ங்கறாரு. மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம்! அப்ப நான் எதுல உக்கார்றதுன்னு கேட்டேன். யோசிக்கறாரும்மா! அத அப்பத்தான் முதல் தடவையா யோசிக்கறாரு!

இன்னிக்கு இந்த ரேஸ் மைதானத்துக்கு எப்படி வந்தேங்கறீங்க? பக்கத்து வீட்டுக்காரர் ட்ரக்ல. முன்னாடி என் புருஷன் கார் போகுது, பின்னாடி நான் அடுத்தவர் வண்டியில போறேன். ஊரே பாக்குது. என் சீட்டு எங்கன்னா, எங்க வீட்டு ஹால்ல இருக்கு. டிவிக்கு நேரா போட்டு, சாயங்காலமானா அதுல சாஞ்சுக்கறாரு. நீங்க குடிங்கம்மா, லெமனேட் சூடாயிரும்.

அதோ, அந்தப் பச்சை நோவா கார்தான். எழுபத்தோராம் வருஷத்து வண்டி. எங்க ஒஹாயோ பனியில பாதி துருப்பிடிச்சு, மீதிக்கு மட்டும் பெயின்ட் அடிச்சு நிக்குது பாருங்க. காசிருக்கறவன் புது இஞ்சின் வாங்கறான். காசில்லாதவன் என்ன பண்ணுவான்? இருக்கறதத் தூக்கி எறிவான். எங்க வீட்டுல இந்த ஒரு வருஷமா அதான் நடக்குது. பின்சீட்டு போச்சு. ஹீட்டர் போச்சு. ரேடியோ போச்சு. ஸ்டெப்னி டயர் கொட்டகையில கெடக்கு. கதவுக்குள்ள இருந்த அட்டையெல்லாம் உரிச்சாச்சு. இன்னும் கழட்ட ஒண்ணுமில்லன்னதும் தன்னையே குறைக்க ஆரம்பிச்சாரு! பீச் பழம் வச்சுச் சுடற பை பலகாரம் வேண்டாமாம். என் கையால பண்ணின பீச் பை! வெறும் அவிச்ச முட்டை. வண்டி ஓடணும்னு முட்டை தின்னற மனுஷன நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?

அதோட விட்டாரா? காயலாங்கடையில எவனோ ஒரு செத்த போலீஸ் காருலேர்ந்து பின் அச்சுக் கியரக் கழட்டிட்டு வந்து மாட்டினாரு. சைலன்சர் குழாய ரம்பத்தால அறுத்துட்டாரு. ஸ்டார்ட் பண்ணினா அலமாரியில தட்டெல்லாம் ஆடும். ஒரு ஞாயித்துக்கிழமை எங்க போதகர் ‘அமர்ந்திருந்து அறிந்துகொள்ளுங்கள்’னு அமைதியப் பத்திப் பிரசங்கம் பண்றாரு. அந்த நேரம் பாத்து வெளிய டர்ர்ர்... போதகர் வேதத்த மூடிட்டு, ‘சகோதரி நெட்டி, உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரு’ன்னாரு. சபையே சிரிக்குது. பூமி பொளந்து என்ன முழுங்காதான்னு இருந்துச்சு.

இதுல ஒரு வேடிக்கை கேளுங்க. இவரு ஸ்கூல் பஸ் ஓட்டினவரும்மா! ஆயுசு பூரா! எந்தப் புள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல. ஆமை வேகம். மார்லீன், எங்க மக, அவளே, ‘அம்மா, எறங்கி நடந்தா சீக்கிரம் போயிரலாம்’னு அழுவா. இத்தன வருஷமா மிதிக்காத பெடல எல்லாம் சேத்து வச்சு இப்ப மிதிக்கறாரு போல!

பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். போன வாரம் போதகர் முன்னாடியே சொல்லிட்டேன், ‘சனிக்கிழமை முதல் ஓட்டத்துல ஜெயிச்சா வண்டி வீட்டுல இருக்கட்டும். தோத்தா வித்துரணும்’னு. வேலி ஓரமா வைக்கோல் தொப்பி போட்டு நிக்கறாரே, அவருதான் வாங்க வந்தவரு. வாங்கிப் பளபளன்னு தொடச்சு ஷெட்டுல நிறுத்தி வெப்பாராம். ஓட்டவே மாட்டாராம்! டெல்பர்ட் ஒரு வார்த்த எதுத்துப் பேசலம்மா. ‘சரி நெட்டி’ன்னாரு. அவ்வளவுதான். சண்டையாவது போட்டிருக்கலாம்ல...

ஐயையோ, அவரு முறை வந்துருச்சு! கண்ணாடியில வெள்ளையா எழுதியிருக்காரே, அது என் ஞாயித்துக்கிழமை ஷூவுக்கு வச்சிருந்த பாலிஷ். பதினாலுன்னு என்னமோ எழுதினாரு. உங்க கையக் கொஞ்சம் குடுங்க... ஏசப்பா, ஏசப்பா... விளக்கு மாறிருச்சு... போறாரு! போறாரு பாருங்க! அடேயப்பா, பக்கத்துத் தடத்துல ஓடற நீல வண்டி பின்னாடி போச்சு! முந்திட்டாரு! ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்! ஆமென்!

...என்னம்மா, ஜெயிச்ச விளக்கு அந்தப் பக்கம் எரியுது? பல்பு மாத்திப் போட்டுட்டாங்களா? யாராவது போய்ச் சொல்லக்கூடாது?

என்ன சொல்றீங்க? மெதுவாச் சொல்லுங்க. எழுதின நேரத்த விட வேகமாப் போனா தோல்வியா? ...ம்... ஒவ்வொருத்தரும் தன் வண்டி இவ்வளவு நேரத்துல ஓடும்னு முன்னாடியே எழுதிரணும்... சரி... மெதுவா ஓடற வண்டிய முன்னாடி அனுப்பறாங்க... அந்தச் சலுகைக்காக யாரும் பொய்யாக் கூடுதல் நேரம் எழுதக்கூடாது... எழுதின நேரத்துக்கு முன்னாடி வந்துட்டா அவுட்டு. இது என்ன ரேஸும்மா? ஒரு வருஷமா வீட்டக் காலி பண்ணி வேகமாக்குவாங்களாம், வேகமாப் போனா வெளிய அனுப்புவாங்களாம்! எங்கிட்ட யாரு சொன்னா இதெல்லாம்? நான் இன்னிக்குத்தானே இங்க காலே வெக்கறேன்!

காலையில ஒத்திகை ஓடினப்ப பதினாலு செகண்டுக்கு மேலதானே ஆச்சு? அதப் பாத்துத்தான் எழுதினாரு. அதுக்கப்புறம் வண்டியில யாரும் கைய வெக்கல. யாரும்...

...ஐஸு.

ஒண்ணுமில்லம்மா. இல்ல... அவரு ட்ரைவருங்க கூட்டத்துக்குப் போயிருந்தாரு. போன வருஷம் சபைப் பிக்னிக்குக்கு வச்சிருந்த ஐஸ் மூட்டையத் தூக்கிட்டுப் போய் இஞ்சின் மேல வச்சாரு இவரு. கேட்டா, இஞ்சின் குளுந்திருந்தா நல்லா இழுக்குமாம். அது ஞாபகம் வந்துச்சு. எங்கிட்ட லெமனேட் பெட்டியில ரெண்டு பை ஐஸ் இருந்துச்சு. பானெட்டத் தூக்கி... கார்புரேட்டருக்குக் கீழ அணைச்சு வச்சேன். கூட்டம் முடியற வரைக்கும் வச்சிருந்துட்டு எடுத்துட்டேன். கை மரத்தே போச்சு.

ஏன் வச்சேன்னு அப்படிப் பாக்காதீங்க. ரிடையராகி பஸ்ஸ விட்டு எறங்கினப்புறம் அந்த மனுஷன் விடியக்காலம் எந்திரிச்சு, ஷூ மாட்டிட்டு, சமையக்கட்டுல நிப்பாரும்மா. எங்க போறதுன்னு தெரியாம நிப்பாரு. இந்தப் பாழாப்போன வண்டி வந்தப்புறம்தான் கொட்டகைக்குப் போக ஆரம்பிச்சாரு. விக்கணும்னு நான் வாயால சொன்னேன். முழங்கால்ல நின்னு ஜெபத்துல வேற மாதிரிக் கேட்டேன். ஆண்டவருக்குத் தெரியும்.

அதோ வர்றாரு. கையில நேரம் போட்ட காகிதம்... ஆடறாரும்மா! தோத்துட்டு ஆடறாரு! என்னங்க? கேக்கல, சத்தமா! ...இந்த வண்டி பொறந்ததுலேர்ந்து இவ்வளவு வேகமா ஓடினதில்லயாம். நேத்து ராத்திரி ஏதோ திருகாணியத் திருகினாராம், அதாலதானாம். சரிங்க! ரொம்பச் சந்தோஷம்! ...நீங்க மூச்சு விடாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

யோவ், தொப்பிக்காரரே! பர்ஸ உள்ள வைய்யா! பேச்சு மாறிருச்சு. ஆமா, நான்தான் சொன்னேன், நானேதான் மாத்தறேன். இவ்வளவு வேகமா ஓடற வண்டிய எவளாவது விப்பாளா?

அப்பாடா. என்னம்மா சிரிக்கறீங்க? ...அடுத்த வாரமா? அடுத்த வாரம் இன்னிக்கு ஓடின நேரத்தத்தான் எழுதுவாரு, ஆமா... எழுதிட்டு... ஐஸ் இல்லாம ஓடினா அந்த வேகம் வராது. நீங்க சொல்றது சரிதான். தோத்துருவாரு. அப்ப நான்... ஒவ்வொரு சனிக்கிழமையும்... இந்த வெயில்ல...

ஏம்மா, எங்க எந்திரிச்சுட்டீங்க? இருங்க, ஒரே ஒரு நிமிஷம்! இங்க ஐஸ் எங்க விக்குதுன்னாவது சொல்லிட்டுப் போங்க!