பூ மாதிரி ஸ்டியரிங்

பீன்யா தொழிற்பேட்டைக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருவர். ஒருவர் பழைய பிக்கப் வண்டியின் ஓனர், மற்றவர் அதன் டிரைவர்.

"நேத்து அவ்ளோ இரும்பு ஏத்தியும் ஸ்டியரிங் பூ மாதிரி திரும்புச்சுன்னியே?" என்றார் ஓனர்.

"அதாண்ணா பயமே. லோடு பின்னாடி அமுக்குது, முன்சக்கரம் ரோட்டப் பிடிக்கல."

"இத்தினி வருஷம் ஓடலியா? இன்னிக்கு ரெண்டு லேத் மிஷினையும் ஒரே நடையில எடுத்துடு."

நானும் ஒரு காலத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றினவன். முன்னால் சாய்ந்து காது கொடுத்தேன்.

"சரிண்ணா. நீங்களும் வண்டியிலயே வாங்க. இறக்கத்துல பக்கத்துல உக்காந்து பாருங்க."

ஓனர் ஜன்னலைப் பார்த்தார். நான் இறங்கவேண்டிய ஸ்டாப் போய்விட்டது. எழவில்லை.

பீன்யாவில் இறங்கும்போது ஓனர் சொன்னார்: "ரெண்டு நடையாவே அடிச்சுடு. நான் ஆட்டோல வரேன்."