கலாராணிக்கு நான் எழுதிய இரண்டு பக்கங்கள்

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் பல்கலைக்கழகப் பீடாதிபதி அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, மகள் கலாராணியின் படத்துக்கு மாலையிடப் பன்வில தோட்டத்திலிருந்து வந்திருக்கும் மூக்கையா ஐயா அவர்களே, கணவர் இராமகிருஷ்ணன் அவர்களே, மஹய்யாவ முச்சக்கர வண்டித் தரிப்பிடத்துச் சகோதரர்களே, மாணவர்களே! உங்கள் அனைவர்மீதும் சாந்தி உண்டாவதாக.

பேராசிரியர் கலாராணி மறைந்து இன்று முப்பத்தோராவது நாள். ஐம்பத்து நான்கு வயது. போகிற வயதா இது? எனக்கு அறுபத்து மூன்று. என்னை முந்திக்கொண்டு போய்விட்டார். எதில்தான் அவர் என்னை முந்தவில்லை!

ஆம், பொறாமையோடுதான் பேசுகிறேன். பளீல் என்ற இந்தப் பேராசிரியன் முப்பது வருடம் சொற்கலை கற்பித்தான். மனிதரை வார்த்தையால் எப்படி இணங்கவைப்பது என்பதுதான் என் பாடம். அதைக் கேட்டுக்கொண்டே என் மாணவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். பக்கத்து மண்டபத்தில் கலாராணி கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேசுவார். மணி அடித்த பிறகும் ஒருவரும் கதிரையை விட்டு எழமாட்டார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லுங்கள்!

அவர் நூலகத்தில் கிடந்து ஆராய்ந்தவர் அல்லர். மஹய்யாவ தரிப்பிடத்தில் ஒரு வருடம் உட்கார்ந்தார். சவாரி வரும்வரை சாரதிகள் தொலைபேசியில் பொதி விநியோகிக்கும் விளையாட்டு ஒன்றை விளையாடுவதைப் பார்த்தார். அந்த விளையாட்டில் வண்டியை எங்காவது நிறுத்தினால் புள்ளி குறையும். இதோ, முன்வரிசையில் இருக்கும் ஸ்ரீதரன் அவரிடம் சொன்னாராம்: "நின்னா புள்ளி போயிரும் மிஸ். இப்பல்லாம் நெச வண்டியிலயும் டீ குடிக்க நிறுத்தவே மனசு வரல."

இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார் கலாராணி! அந்த விளையாட்டு யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, விதியை மட்டும் வைத்தது, மனிதர்கள் தாமாகவே இணங்கிவிட்டார்கள் என்றார். பேச்சாளர் இல்லாத இந்தப் பேச்சையும் சொற்கலை படித்தே தீரவேண்டும் என்றார். முப்பது வருடம் அந்தப் பாடத்தைச் சுமந்த எனக்கு இது தோன்றவில்லையே!

சபையோரே, இனிச் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பதினோரு வருடங்களுக்கு முன் ஓர் ஆய்விதழ் எனக்கு ஒரு கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்பியது. எழுதியவர் பெயர் இல்லை. எங்கள் தொழிலில் அதுதான் முறை. எழுதியவர் யாரென்று மதிப்பிடுபவருக்கும் தெரியாது, மதிப்பிடுபவர் யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. ஆனால், முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தில் உட்கார்ந்த விரிவுரையாளர் இந்த நாட்டில் எத்தனை பேர்? இரண்டாவது பந்தியிலேயே தெரிந்துவிட்டது. 'எனக்குத் தெரிந்தவர் எழுதியது' என்று நான் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். "இது ஆய்வல்ல, பொழுதுபோக்கு" என்று தொடங்கினேன். வாயில் வந்ததையெல்லாம் எழுதினேன். கட்டுரை நிராகரிக்கப்பட்டது. அதனால் அவருடைய பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது.

மூக்கையா ஐயா, உங்கள் மகளுக்கு அதைச் செய்தவன் நான்தான். இராமகிருஷ்ணன், அந்த இரண்டு வருடமும் அவர் வீட்டில் எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். என்னை மன்னியுங்கள்.

இன்னும் இருக்கிறது. கட்டுரை நிராகரிக்கப்பட்ட கிழமையே கலாராணி என் அறைக்கு வந்தார், ஆய்விதழ் பெயரில்லாமல் அவருக்கு அனுப்பிய என் இரண்டு பக்கங்களையும் கையில் பிடித்தபடி! "சேர், இத எழுதினவரு நல்லா ஏசியிருக்காரு. ஆனா ஒரு எடத்துல சரியா புடிச்சிட்டாரு. வெளையாடுறவங்க விதிய மீறுவாங்கள்ல? அத நான் பாக்கவே இல்ல. யாரா இருந்தாலும் படிச்ச மனுசன்."

"யாரென்று தெரியவில்லையே" என்றேன். தேநீர் வேறு ஊற்றிக் கொடுத்தேன்!

அவர் மறுபடி தரிப்பிடத்துக்குப் போனார். இந்தமுறை, வேண்டுமென்றே விளையாட்டு வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு, புள்ளி குறையக் குறையச் சிரித்துக்கொண்டு தேநீர் குடித்த சாரதிகளைக் கண்டார். அதைத் தன் நூலில் ஓர் அத்தியாயமாக எழுதினார். உலகம் அவரை அழைத்தது அந்த அத்தியாயத்துக்காகத்தான். குழிபறிக்க நான் எழுதியதை ஏணியாக்கிக்கொண்டார்! அதற்கும் பொறாமைப்பட்டேன். எழுதியவன் நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா? பதினோரு வருடம் கேட்கத் துணியவில்லை. இனி யாரிடம் கேட்பது?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன்.

கலாராணியின் பாடத்துக்கு அடுத்த பருவத்தில் நாற்பத்தொரு பேர் பதிந்திருக்கிறார்கள். கற்பிக்க ஆளில்லாததால் அதை நீக்குவதா என்று நாளை பீடக் கூட்டம் முடிவெடுக்கும். பீடாதிபதி அவர்களே, என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஓய்வுபெற எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அவரிடமிருந்து நான் தின்ற வருடங்களும் இரண்டுதான். அந்த விளையாட்டில் முதல் கட்டத்தைக்கூட நான் தாண்டியதில்லை. ஸ்ரீதரன் சொல்லித் தரட்டும். முதல் வகுப்பில் அந்த இரண்டு பக்கங்களையும் என் கையொப்பத்தோடு மாணவர்களாகிய உங்கள் கையில் தருவேன். பொறாமை எவ்வளவு அழகாக வாதாடும் என்பதை அதிலிருந்தே படியுங்கள்.

மாணவர்களே, மூன்றாம் கிழமை வருமுன் நீங்கள் பின்வரிசையில் முணுமுணுப்பீர்கள்: "மிஸ் இதவிட நல்லா சொல்லித் தந்திருப்பாங்க." முணுமுணுக்காதீர்கள், என் காதில் விழும்படி உரக்கச் சொல்லுங்கள்! எனக்கு வயிறு எரியும். எரியட்டும். அது எரியும்வரை கலாராணி அந்த வகுப்பில் இருக்கிறார்.