கையகலச் சிவப்பு

காப்பி நன்றாக இருக்கிறது ஐயா. நேப்பிள்ஸ் காவல் நிலையத்தில் இப்படி ஒரு காப்பி கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே வந்திருப்பேன். கார்மேலா உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மைதான். எங்கள் பட்டறையில் வண்ணம் பூசுகிறவள், நல்ல பெண்.

நான் வடிவமைத்த விமானத்தை நீங்கள் பார்க்க வேண்டும். இரண்டு எஞ்சின், ஆறு இருக்கை. மாடு மேய்கிற புல்வெளியிலும் இறங்கும். வாலை வரைய மட்டும் எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. அவ்வளவு அழகு.

அதை ஓட்டிப் பார்த்தவன் ருஜ்ஜேரோ, என் தங்கை கணவன். ஒருநாள் இறங்கி வந்து சொன்னான்:

"மச்சான், மேல போய் இடது எஞ்சினை அணைச்சுப் பாத்தேன். வேகம் கொறைஞ்சா உன் செல்லம் புரண்டு படுக்குது. வால்ல சுக்கான் பத்தலை. ஒரு கையகலம் கூட்டு."

"கூட்டினா கழுதைக் காது மாதிரி இருக்கும்டா."

"கழுதை மேல போறவன் பத்திரமா வீடு போய்ச் சேர்றான், மச்சான்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. ஆனால் வியாழக்கிழமை விமானம் வாங்க ஆட்கள் வருகிறார்கள். கழுதைக் காது வாலோடு என் செல்லத்தை எப்படிக் காட்டுவது?

தன் மகளின் ஞானஸ்நானத்துக்காக அவன் ஊருக்குப் போயிருந்தான். சுக்கான் என்பது வாலின் பின்னால் அசைகிற பலகை, சிவப்பு நிறம்; அந்தச் சிவப்பை வாலின் அசையாத பகுதி மேலும் ஒரு கையகலம் நீட்டிக் கார்மேலாவைப் பூசச் சொன்னேன். பார்த்தால் சுக்கானே அகலமானதுபோல் இருந்தது.

"என்ன இன்ஜினியரே, மை தீட்டி எங்க கட்டிக் குடுக்கப் போறீங்க?" என்றாள் கார்மேலா. இருவரும் சிரித்தோம்.

வியாழன் காலை ருஜ்ஜேரோ, ஞானஸ்நானத்தில் கொடுக்கிற சர்க்கரை பூசிய பாதாம் பை நிறைய எடுத்துக்கொண்டு வந்தான். வாலைப் பார்த்தான். என் கன்னத்தைத் தட்டினான்.

"நான் சொன்னா நீ கேப்பேன்னு தெரியும்."

நான் பதில் சொல்லவில்லை. வாயில் பாதாம் இருந்தது. ஆகவே பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்கள் வியக்கட்டும் என்று அவன் தாழப் பறந்து, எல்லோர் கண் முன்னாலும் இடது எஞ்சினை அணைத்தான். விமானம் புரண்டது. புல்வெளியில் விழுந்து எரிந்தது.

ஓட்டியவனின் அசட்டுத் துணிச்சல் என்று விசாரணையில் சொன்னேன். பிறகு அடுத்த விமானத்தில் சுக்கானை நிஜமாகவே கூட்டினேன். இன்று அந்த வகை விமானங்கள் தீவுதீவாகப் பறக்கின்றன, ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஞாயிறுதோறும் தங்கை எனக்குச் சமைத்துக் கொண்டுவருகிறாள். குழந்தை என் மடியில்தான் தூங்கும்.

அகலமானது சிவப்பு மட்டும்தான் என்று, அவன் ஏறி உட்கார்ந்தபோது எனக்குத் தெரியும். கையசைத்து அனுப்பினேன். இருந்தாலும் கொலை என்று எழுதாதீர்கள் ஐயா. விசிறி சுழலும் திசையால் வலது எஞ்சினை அணைத்தால் இழுப்பு குறைவு, பழைய சுக்கானை வைத்தே சமாளித்திருக்கலாம். இடதை அணைத்தது அவன்.